அத்தை பம்பரம் விட்ட நாள்

என் மாமனார் கோமதிநாயகத்துக்கு வலியசாலையில் வீட்டை ஒட்டியே கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக்குத் தூண் எல்லாம் கடைந்து கொடுப்பார். மிஞ்சின கட்டையில் பம்பரம் செய்ய ஆரம்பித்து, அதுவே பித்தாகிவிட்டது. யார் எந்த ஊருக்குப் போனாலும் பம்பரம் வாங்கிவரச் சொல்வார். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், "அடுத்த தடவை ஊருக்குப் போனா கொண்டு வா மக்களே" என்றார். அல்வா கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். இரண்டு கிலோ அல்வாவைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

இப்படி முந்நூறுக்கு மேல் சேர்ந்து, மூன்று கண்ணாடி அலமாரிகள் நிறைந்தன. "ஒண்ணு விட்டுக் காட்டுங்க மாமா" என்றால், "தோள் வலி" என்பார். நான் வந்த பன்னிரண்டு வருஷமும் அதே தோள், அதே வலி.

போன ஐப்பசியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

முதல் திதிக்குச் சொந்தக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் என் கணவர் ஹரிகுமார் அலமாரிகளைத் திறந்து, "அப்பா ஞாபகமா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றார். அவருடைய சித்தப்பா மகன் வினய் ஒரு பலாக்கட்டைப் பம்பரத்தை எடுத்து அங்கேயே வீசிப் பார்த்தான். அது தரையில் ஒரு துள்ளு துள்ளி, பருப்புப் பாயசம் இருந்த உருளிக்குள் போய் விழுந்தது.

எல்லோரும் என் மாமியார் சிவகாமியம்மாளைப் பார்த்தோம். மாமனார் போனதிலிருந்து அத்தை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அத்தை எழுந்து வந்து, பாயசத்துக்குள் கைவிட்டுப் பம்பரத்தை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"கயிறை இங்கோட்டு தா."

வாங்கி, சரசரவென்று சுற்றி, இடுப்பை லேசாக ஒடித்து வீசினார். பம்பரம் நட்டுவைத்தது மாதிரி நின்று சுற்றியது. கயிற்றால் ஒரு சுண்டு சுண்டி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அங்கும் சுற்றியது.

"அம்மா, உங்களுக்கு எப்பிடி இது தெரியும்?" என்றார் என் கணவர்.

"உங்க அப்பாவுக்குச் செய்யத்தான் தெரியும், விட வராது. ஆணி நேரா இருக்கான்னு ஆராவது விட்டுப் பார்க்கண்டாமா? நாப்பத்தாறு வருஷமா கொல்லைக் கதவைச் சாத்திட்டு நானாக்கும் விட்டது. வெளிய சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வேற."

"இப்ப சொல்லிட்டீங்களே அத்தை" என்றேன்.

"ஆளு போயாச்சுல்லா. இனி என்ன செய்வாரு?"

"அப்ப மாமா ஒரு தடவைகூட விட்டதில்லையா?"

"ஒரே தடவை. கல்யாணமான மாசம், உனக்கு விட்டுக் காட்டுகேன்னு முற்றத்துல நின்னு வீசினாரு. அது நேரா மேல போச்சு. ரெண்டு பேரும் எங்கேன்னு தேடினோம். திரும்பி வந்து அவரு நெத்தியிலயே இறங்கிச்சு."

முப்பது பேரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தோம். மாலை போட்ட படத்தில் மாமனார், நெற்றியில் அந்தத் தழும்போடு, கம்பீரமாக இருந்தார். பட்டறையில் மரம் தெறித்துப் பட்ட விழுப்புண் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. எண்பது வயது அழகியநம்பிச் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பம்பரங்களோடு இறங்கினார். சத்தம் கேட்டு, திதி வீட்டில் சண்டையோ என்று பதறி ஓடிவந்த பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயின் கையிலும் ஒன்றைத் திணித்தோம். கூடம் முழுக்கப் பம்பரம். கால் வைக்க இடமில்லாமல் பெஞ்சின்மேல் ஏறி நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதில் எவ்வளவு அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

நாலு மணிக்கு அத்தை களைத்துப்போய்த் தரையில் மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்களே, அந்த ஃபேனை நிறுத்து. இனி ஒண்ணும் சுத்தாண்டாம்."

நிறுத்தினேன். அந்தப் புழுக்கத்திலும் விளக்கு வைக்கும் நேரம்வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்.