வெள்ளிக்கிழமைக் கோழி

மாமனார் பிழைக்க மாட்டார் என்று ராஷேலுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவள் செய்த முதல் வேலை, அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்ததுதான். மற்ற சீமைகளில் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் ஆள் அனுப்பிச் சொந்தபந்தத்தைக் கூட்டுவார்கள். எங்கள் செவேன் மலையில் அந்த வருஷங்களில் சாகக் கிடப்பவர்களை நாங்கள் ஒளித்து வைத்தோம்.

வேடிக்கையாக இருக்கிறதா? எங்களுக்கு இருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றோடு பூசையும் சாமியாரும் இல்லாத எங்கள் வேதம் இந்த நாட்டிலேயே இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் கோயில்களை இடித்தார்கள், போதகர்களை எல்லைக்கு அப்பால் விரட்டினார்கள், மிச்சம் இருந்த எங்களுக்குப் புதுக் கத்தோலிக்கர் என்று பெயர் வைத்து, ஞாயிறுதோறும் பூசைக்கு வா என்றார்கள். உயிரோடு இருக்கும்வரை சமாளித்துவிடலாம், பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் போதும். சாகும்போதுதான் வம்பு. சாமியார் வந்து எண்ணெய் பூசி நற்கருணை கொடுப்பார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்தால், பிணத்தை ஒரு தட்டியில் குப்புறக் கட்டி, குதிரையை விட்டுத் தெருத்தெருவாக இழுத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள். வீடும் நிலமும் ராஜாவுக்குப் போய்விடும். சாமியார் வந்து சேருமுன் பொசுக்கென்று போய்விட்டாலோ, யார்மேலும் குற்றமில்லை. ஆகவே ஒளித்து வைத்தோம்.

போன வசந்தத்தில் கம்பளி நூற்கிற தெபோராவை அப்படி இழுத்துக்கொண்டு போனதை ராஷேல் கண்ணால் பார்த்திருந்தாள். தெபோராவின் வெள்ளைத் தொப்பி அவிழ்ந்து நடுத்தெருவில் கிடந்தது. குனிந்து எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ராஷேலுக்கும் வரவில்லை, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

அவள் மாமனார் அப்தியாஸ் கிழவர் இருக்கிறாரே, அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதில் சந்தேகமே கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன் குதிரைப்படைக்காரர்கள் ஆறு பேர் அவர் வீட்டில் தங்கி, பன்னிரண்டு நாள் அவரைத் தூங்கவிடாமல் காதருகே முரசு அடித்தார்கள். பதின்மூன்றாம் நாள் அவர் மதம் மாறினதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மலையே போட்டுக் கொடுத்த கையெழுத்துதான் அது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், இவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து வலது கையால் வேதபுத்தகத்தைத் தொட்டதில்லை. இடது கையால்தான் பக்கம் புரட்டுவார்.

ராஷேல் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஜோசுவே எல்லை தாண்டி ஜெனீவா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்றைக்காவது திரும்பி வருவேன், வீட்டையும் தோப்பையும் விட்டுவிடாதே என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். வீடு கிழவர் பெயரில் இருந்தது. கிழவரின் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில்தான் அந்தக் கூரை நின்றுகொண்டிருந்தது.

"தலைய மட்டும் ஆட்டுங்க மாமா. வாயத் தொறக்கக்கூட வேணாம்."

"ஒருக்கா ஆட்டுனதுக்கே எட்டு வருசமாக் கழுத்து வலிக்குது புள்ள."

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. பாறையில் முட்டிக்கொண்டால் மண்டைதான் உடையும். அவள் அவரைப் பலகைத் தடுப்புக்குப் பின்னால், கம்பளி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தாள். வைத்தியரைக் கூப்பிடவில்லை. வைத்தியருக்குத் தெரிந்தால் சாமியாருக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம். போன ஞாயிறு அவர் வெறும் சளியோடு படுத்திருந்தபோதே, பூசையில் பெயர் கூப்பிட்டு அவர் இல்லையே என்று கேட்டதற்கு, மாமா மேல்காட்டுக் குடிசையில் கஷ்கொட்டை உலர்த்தத் தீ மூட்டிக் காவல் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். நவம்பரில் அது நம்பக்கூடிய பொய்தான். ஆனாலும் வாசலில் நிழல் விழும்போதெல்லாம் அவள் ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். கிழவர் இருமினால் அவள் பாத்திரத்தை உருட்டுவாள். மூன்று நாளில் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் நசுங்கிப்போயிற்று.

அந்த மூன்று நாளும் அவர் ஒரு பருக்கை தொடவில்லை. நான்காம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, கோழிச்சாறு இருந்தால் ஒரு வாய் குடிப்பேன் என்றார்.

ராஷேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முட்டையிடுவதை நிறுத்திவிட்ட சாம்பல் நிறக் கோழியைப் பிடித்தாள், அறுத்தாள், இறகு உரித்தாள், பானையில் போட்டு அடுப்பில் விறகை நன்றாகத் தள்ளிவிட்டாள். கொதி வந்தது. வாசனை வீட்டை நிறைத்துக்கொண்டு வாசல் வழியாகப் பாதைவரைக்கும் போனது. கதவைச் சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்தத் தப்பை எங்கள் ஆள் மட்டும்தான் செய்வார். பிறவிக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கறி ஆகாத நாள், கை தானாகவே கறிச்சட்டியை விட்டு விலகும், தாய்ப்பாலோடு வந்த பழக்கம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வியாழனுக்கு மறுநாள், அவ்வளவுதான். எட்டு வருஷமாக மூளையில் முடிச்சுப் போட்டு ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ராஷேலின் முடிச்சு அவிழ்ந்துபோனது.

"கோழியா வேகுது?"

நுழைவாசலில் ப்ரூனெல் சாமியார் நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, மேட்டு வழி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தோளில் பை, அந்தப் பையை அவர் எதற்கு எடுத்து வருவார் என்று ஊருக்கே தெரியும். இரண்டாவது ஞாயிறும் கிழவர் பூசைக்கு வராமல் இருந்துவிடக்கூடாதே என்று பார்த்துப்போக வந்தாராம். பொல்லாத மனுஷர் என்று சொல்ல முடியாது. மேலிடத்திலிருந்து அவருக்கும் உத்தரவு வரும், யார் வரவில்லை, யார் முணுமுணுத்தார்கள் என்று எழுதி அனுப்பாவிட்டால் அவர் தலைக்குத்தான் கத்தி. அவர் வந்து விசிப்பலகையில் உட்கார்ந்து பானையைப் பார்த்தார். அப்புறம் ராஷேலைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்குக் கிழமை உறைத்தது.

இரண்டு முழத்துக்கு அப்பால், பலகைக்குப் பின்னால், மாமனார் விழித்துக்கொண்டு கிடக்கிறார்.

"வெள்ளிக்கிழமையில கறிச்சாறு ரெண்டு பேருக்குத்தாம்மா அனுமதி. சீக்காளிக்கு, இல்லேன்னா புள்ளத்தாச்சிக்கு. இவங்க ரெண்டு பேரும் இல்லாம இந்த மலையில வெள்ளிக்கிழமை கோழி திங்கிறவங்க யாருன்னு உனக்கே தெரியும்" என்றார் சாமியார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

ராஷேல் கணக்குப் போட்டாள். சீக்காளி என்றால் எங்கே என்று கேட்பார், கிழவர் வேண்டாம் என்பார், தட்டி, குதிரை, தெரு. நான்தான் தின்கிறேன், பழைய வேதத்தை விடவில்லை என்றால் அவளைக் கடலோரக் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோவார்கள், வீட்டைச் சோதனை போடுவார்கள், அப்போதும் கிழவர் அகப்படுவார். மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

"எனக்குத்தான் சாமி. மூணு மாசம்" என்றாள்.

ஜோசுவே போய் இரண்டு வருஷம் ஆயிற்றே என்று சாமியார் மெல்லக் கேட்டார். ஆமாம் என்றாள். ஆள் யார் என்றார். பொதி கொண்டு வந்த கோவேறு கழுதைக்காரன் ஒருவன், பெயர் தெரியாது என்று சொன்னாள். தன் வாயிலிருந்தா இது வருகிறது என்று அவளுக்கே உடம்பு கூசியது. சாமியார் பெருமூச்சு விட்டு, இதைப் பதிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்கவும் வேண்டும், அப்படித்தான் சட்டம் என்று சொல்லி, சின்னப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து அவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

கத்தோலிக்கர்கள் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். காட்டுக்குள் நாங்கள் மறைவாகக் கூடும் கூட்டத்தில் அவளுக்கு இனி அப்பத்தில் பங்கு கிடையாது, பாடும்போது பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. செய்தி அடுத்த மாசம் ஜெனீவாவுக்குப் போய்விடும். ஜோசுவே எந்த முகத்தோடு அதைக் கேட்பான்? ஆனாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை. கூரை நிற்கும், பிணம் தெருவுக்குப் போகாது, அது போதும்.

பலகைக்குப் பின்னால் ஒரு மூட்டை உருண்டு விழுந்தது.

அப்தியாஸ் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெறுங்கால், முழங்கால்வரைக்கும் படுக்கைச் சட்டை, தலையில் மட்டும் தொப்பி. அதை எப்போது தேடி எடுத்துப் போட்டாரோ தெரியவில்லை.

"பொய் சொல்றா. கோழி எனக்கு. சாகப்போறவன் நான்தான்."

சாமியார் எழுந்துவிட்டார். அவர் முகமும் வெளுத்துப்போயிற்று. "அப்தியாஸ், அடுத்த வார்த்தைய யோசிச்சுப் பேசு. உன் பழைய வேதத்து ஹ்யூகனோப் பிடிவாதத்த என் காதுல போட்டுராத. போட்டா நான் எழுதியாகணும்" என்றார்.

கிழவர் ராஷேலைப் பார்த்தார். நாலு நாளாகத் தலையாட்டுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினவள், இப்போது வேண்டாம், வேண்டாம் என்று தானே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கிழவர் சாமியாரைக் கேட்டார்.

"பையில இருக்கு."

"பூசுங்க. மொதல்ல அவ பேர அந்தப் புத்தகத்துலருந்து அடிங்க."

சாமியார் அடித்தார். கிழவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு கோடாக அடித்துக் காட்டினார். பிறகு அவரை விசிப்பலகையில் உட்காரவைத்து, கண்ணிலும் காதிலும் மூக்கிலும் உதட்டிலும் எண்ணெய் தொட்டு வைத்தார். கையை நீட்டச் சொன்னபோது கிழவர் வலது கையை முதலில் நீட்டினார். நற்கருணை அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். அவர் தாடை நடுங்கியதை ராஷேல் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, வீடு பிழைத்தது, கிழவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இதைவிட அந்தக் கழுதைக்காரனே பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

சாமியார் பையைக் கட்டிக்கொண்டார். எப்போதும் கேட்டு வாங்கிப்போகிற கஷ்கொட்டையை அன்றைக்குக் கேட்கவில்லை. வாசற்படியில் நின்று, தரையைப் பார்த்தபடி, இனிமேல் அவருக்குக் கோழிச்சாறு கொடுக்கலாம், தப்பில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ராஷேல் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை வழுவழுவென்று இருந்தது. இடுப்புத் துணியால் துடைத்தாள்.

"நான் அத்தன கெஞ்சினப்ப மாட்டேன்னீங்களே மாமா."

"நீ வீட்டுக்காகக் கெஞ்சுன" என்றார் அவர்.

ராஷேல் மண்கிண்ணத்தில் சாற்றை ஊற்றி ஊதி ஆற்றிக்கொண்டுவந்து அவர் வாய்க்கருகே வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத்தான் அனுமதி குடுத்துட்டாங்களே. இனிமே அதுல என்ன இருக்கு? நீ குடி."

"நானா?"

"ஒனக்குச் சீக்கும் இல்ல, வயித்துல புள்ளயும் இல்ல. வெள்ளிக்கிழம. இந்த வீட்ல ஒருத்தராவது ஒழுங்கா இருக்க வேணாமா?"

ராஷேல் வாசலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. சாமியார் இன்னும் பாதை வளைவைத் தாண்டவில்லை. மூச்சு வாங்க நின்று நின்று போய்க்கொண்டிருந்தார், திரும்பினால் அடுப்படிவரைக்கும் தெரியும். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வரலாமா என்று நினைத்தாள். கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்படியே உட்கார்ந்து, கிண்ணத்தைத் தூக்கி, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"உப்புப் போடல மாமா."

"நெனச்சேன். ஜோசுவேயோட அம்மாவும் இப்பிடித்தான். பயந்துக்கிட்டே சமைச்சா உப்ப மறந்துருவா." அவர் மூட்டையில் சாய்ந்துகொண்டார். "இன்னொரு கிண்ணம் ஊத்திக்க புள்ள."

ராஷேல் கதவைச் சாத்தாமலே பானைக்குப் போய் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். இந்தத் தடவை உப்புப் போட்டாள்.