ஒருவர் மட்டும் போன கூட்டம்

எல்லாரும் சௌக்கியம்தானே? வெயில் வாட்டுகிறது, மோர் நிறையக் குடியுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தே படியுங்கள், நானும் உட்கார்ந்துதான் டைப் அடிக்கிறேன்.

இது 1946-இல் நடந்தது. உலகச் சண்டை முடிந்த மறு வருடம். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருந்தார். பெயர் அய்யாக்குட்டி. வாயால் சொல்லித்தான் பழக்கமில்லை, எழுதினால் தோஷமில்லை. என் அண்ணன் வெள்ளத்துரைக்குக் கடை கிடையாது. துறைமுகத்துப் பக்கம் பூவரச மரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான் என்றால் மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள் என்று உச்சி வரைக்கும் ஆள் வரும். அவனைப் போல மரத்தடிக்காரர்கள் இருபது பேருக்கு மேல்.

அந்த வருடம் பார்த்தவன் தாடையிலெல்லாம் அரிக்கிற படை. கத்தியால்தான் பரவுகிறது என்று சவரத் தொழிலுக்கு விதி எழுத முனிசிபாலிட்டியில் ஒரு கமிட்டி போட்டார்கள். தொழில் செய்கிறவர்களும் வந்து பேசலாம் என்று தண்டோரா போட்டாயிற்று. என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரம் மரமாகப் போய்க் கூப்பிட்டார். அண்ணனிடம் வந்தபோது நானும் கஞ்சிச் செம்போடு அங்கேதான் நின்றேன்.

“நம்ம தொழிலுக்கு விதிய நம்மதான் சொல்லணும் மச்சான். வெந்நீர்ல கத்தியப் போடணும், படை உள்ளவனுக்குத் தனிக் கத்தி வைக்கணும். இத நாமளே சொல்லிட்டா மரத்தடிய எவனும் தொடமாட்டான். பேச வேண்டாம், இருவது பேரும் வந்து நில்லுங்க, போதும்.”

அண்ணன் ஒரு தோணிக்காரரின் கன்னத்தை இழுத்துப் பிடித்தபடி சிரித்தான். “பெரிய மனுசன் நம்ம முன்னால தலையக் குனியுதது சவரத்துக்கு மட்டுந்தான் மாப்ள. அங்க போனா நம்மதான் குனியணும்.”

“நிமிந்து நிக்கத்தான் கூப்பிடுதேன்.”

“கமிட்டில பாதிப் பேரு நம்ம வாடிக்கை வீட்டுக்காரனுவ. அவன எதுத்துப் பேசிட்டு மறுநா அவன் வாசல்ல எப்படிப் போய் நிக்க? நீரு போயிட்டு வாரும். நீரு பேசுனா நாங்க பேசுன மாதிரி.”

“ஏல வெள்ளத்துரை,” என்றார் நுரைக்குள்ளிருந்து தோணிக்காரர், “மொதல்ல இந்தக் கன்னத்துக்கு ஒரு விதி சொல்லுடே, காயுது!”

எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார்.

தனியாகத்தான் போனார். வெந்நீர், தனிக் கத்தி, மரத்தடி எல்லாவற்றையும் தொண்டை கட்டப் பேசினாராம். “ஒருத்தர்தானே வந்திருக்கீரு, மத்தவங்களுக்கு ஆட்சேபணை இல்லபோல” என்றார்களாம். கடைசியில் ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினார்கள். வந்ததற்கு அடையாளம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு மாதத்தில் விதி வந்தது. வெந்நீரும் இருந்தது, தனிக் கத்தியும் இருந்தது. கூடவே, சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் சவரம் கூடாது என்றும் இருந்தது. கீழே, தொழிலாளர் சார்பில் சம்மதம் என்று இவர் கையெழுத்து. மறுநாளே ஆள் வந்து அண்ணனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

எங்கள் ஆட்களில் யாரும் தன் முகத்தைத் தானே மழிக்கமாட்டார்கள். ஒருவர் முகத்துக்கு இன்னொருவர். நாதியற்றவன்தான் தானே மழித்துக்கொள்வான் என்பார்கள். அன்றிலிருந்து ஒருவரும் இவர் முகத்தைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் மழித்துவிட்டு இவர் தாடியோடு திரிந்தார். “ஓய், ஒமக்கு ஒரு சலூன் அகப்படலியா?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இவர் அடுத்த கத்தியைத் தீட்டுவார்.

தை மாதம் மாமியார் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கிற மகனுக்குத் தலை மழிக்க வேண்டும். சொல்லி அனுப்பியும் ஒருத்தரும் வரவில்லை. நான் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

“எம் பொட்டியப் பறிச்சவன் தலையில நான் கத்தி வைக்கவா?”

“அவிய ஒங்களுக்காகத்தான் பேசுனாவ அண்ணே.”

“யாரு சாட்சி?”

“நீ வந்திருந்தா நீதாம்ணே சாட்சி.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “போளா” என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பி வந்தபோது இவர் கிணற்றடியில் தலையை நனைத்துக்கொண்டு தானே மழித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் சரியாக வந்துவிட்டது. பின்பக்கம் கை எட்டவில்லை, காதோரம் ரத்தம். என்னைப் பார்த்ததும் கத்தியை நீட்டினார். எங்கள் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள், ஆனால் கத்தியைத் தொட்டதில்லை. “மிச்சத்த நீ எடு” என்றார். தெருவே பார்க்க எடுத்தேன். கண்ணை மறைத்தால் வெட்டிவிடும் என்று அழுகையைக்கூட அடக்கிக்கொண்டேன். பாதியில் நிமிர்ந்தால் தெருமுனையில் அண்ணன். தோளில் துண்டு, கையில் யாரிடமோ வாங்கிய கத்தி; மழிக்கத்தான் வந்திருக்கிறான். என் கையிலிருந்ததைப் பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாரையாவது தனியாக அனுப்பிவிட்டுப் பிறகு அவர்மேலேயே பழி போட்டது உண்டா? போனவர் நீங்களா, போகாதவரா? எனக்கு எழுதுங்கள்.