ஜன்னலுக்கு நேரான செடி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் பேசாது, கைதான் பேசும். வீட்டில் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவார், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். மனைவி கண்கலங்கி நின்றால் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு போய்விடுவார். அவர்களுடைய ஒரே மகள், வாலு என்று இருவரும் செல்லமாகக் கூப்பிட்டவள், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. தான் வாயைத் திறந்தால் மற்றவர் உடைந்துபோவார் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தாலேயே பாழாய்ப் போகிற வீடுகளும் இருக்கின்றன.

கொல்லையில் இடுப்பளவு கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரரின் வீடு. அவர் தன் மகளுக்கு ஓர் இரும்பு ஊஞ்சல் போட்டுக் கொடுத்திருந்தார். வாலு இருந்திருந்தால் அவள் வயதுதான் அந்தச் சிறுமிக்கும். சாயங்காலம் வந்ததும் வராததுமாய்ப் புத்தகப் பையை மண்ணில் வீசிவிட்டு ஊஞ்சலில் ஏறிவிடுவாள்.

ஒரு நாள் மெக்கானிக் பார்த்தார். மனைவி பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நிற்கிறாள், குழாய் பாட்டுக்கு ஓடுகிறது, அவள் கண் ஜன்னல் வழியே ஊஞ்சலில் இருக்கிறது. கன்னமெல்லாம் ஈரம். ஓஹோ, கோளாறு இங்கேதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த ஊஞ்சல் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செடி வாங்க நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் வாயாடி.

"மறைப்புக்கா சார்? மூங்கில் வைங்க, மளமளன்னு வந்துடும்."

"வேர் அந்தப் பக்கம் பூந்துடுமே."

"அப்ப அரளி. தண்ணிகூட கேக்காது."

"அது விஷம். பக்கத்துல சின்னப் பிள்ளை இருக்கு."

"காகிதப்பூ?"

"முள்ளு. பந்து எடுக்கக் கை விட்டா கீறிடும்."

நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். "யாரு வீட்டுக்கு சார் வேலி போடுறீங்க, உங்களுக்கா அவங்களுக்கா? செம்பருத்தி எடுத்துட்டுப் போங்க. நுனியைக் கிள்ளக் கிள்ள அடியிலேர்ந்து அடர்ந்து வரும். நெருக்கி மட்டும் வைக்காதீங்க, ஒண்ணுக்கொண்ணு மூச்சு முட்டிப்போகும்."

மெக்கானிக் கயிறு கட்டி, கோடு பிடித்து, குழி வெட்டினார். எருவும் மண்ணும் கலந்து போட்டார். வரிசை அளவெடுத்த மாதிரி நின்றது. மனைவி பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மாதான். கொல்லை மொட்டையா கிடக்கே."

அவள் உள்ளே போய்விட்டாள்.

செடிகள் வேர் பிடித்தன. தளிர் விட்டு, கிளை வைத்து, வேலிக் கம்பிக்கு மேலே தலை நீட்டின. ஒன்றே ஒன்றைத் தவிர. சமையலறை ஜன்னலுக்கு நேரான செடி மட்டும் முழங்கால் உயரம் வந்ததும் இலை சுருண்டு கருகிப்போனது. பிடுங்கிவிட்டு வேறொன்று வைத்தார். அதுவும் நன்றாக வந்து, திடீரென்று ஒரே நாளில் வாடியது. நர்சரிக்காரர் முதலில் வேர்ப்புழு என்றார். பிறகு எறும்பு என்றார். கடைசியில் கண்ணேறு என்றே சொல்லிவிட்டார். மெக்கானிக் மண்ணை மாற்றினார், புண்ணாக்கு போட்டார், மருந்து தெளித்தார். மூன்றாவது செடியும் போய்ச் சேர்ந்தது.

மாற்றின பாகமே திரும்பத் திரும்பப் போனால் கோளாறு அந்தப் பாகத்தில் இல்லை. லிஃப்ட் வேலையில் அவர் கண்ட பாடம் இது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் காது புளிக்கச் சொல்வார். தன் கொல்லையில் மட்டும் அது அவர் மண்டையில் உறைக்கவில்லை. நான்காவது செடியை வைத்தார்.

அது மொட்டு விட்டிருந்த சமயம். வேலைக்குப் போன கட்டடத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் லிஃப்டில் என்ன பார்ப்பது? மதியமே வீடு திரும்பினார். பூட்ஸில் கிரீஸ் ஒட்டியிருந்ததால் வாசல் வழியாக நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார்.

மனைவி கைப்பிடித் துணியோடு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தச் செடியின் அடியில் குனிந்து, மெதுவாக, சொட்டு வீணாகாமல் ஊற்றினாள். மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது.

அவர் நிற்பதைப் பார்த்தும் அவள் பதறவில்லை. மீதியையும் ஊற்றி முடித்தாள்.

"இது வளர்ந்தா அவ ஊஞ்சல்ல உக்காரும்போது முகம் தெரிய மாட்டேங்குதுங்க," என்றாள்.

"பார்த்தா உனக்கு வலிக்குமேன்னுதான்..."

"வலிக்குதுதான். வலிக்கட்டுமே." கெட்டிலைத் தரையில் வைத்தாள். "அவளுக்கு முன்பல்லு விழுந்துச்சு தெரியுமா? ஓட்டை வாயோட சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. இப்ப புதுசு முளைச்சிருக்கு, கொஞ்சம் பெருசா. நம்ம வாலுவுக்குப் பல்லு ஆடவே இல்லையே. இவளைப் பார்த்தா நம்மவளும் அந்தந்த வயசுக்கு வந்துக்கிட்டே இருக்கான்னு..."

முடிக்கவில்லை. வாலு என்ற பெயரை அந்த வீட்டில் அத்தனை நாளைக்கப்புறம் அன்றுதான் மெக்கானிக் காதால் கேட்டார். செடியைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டார். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

வரிசையின் நடுவில் ஒரு வாசல் மாதிரி இடைவெளி நின்றுவிட்டது. சீக்கிரம் வேலை முடிந்த நாட்களில் அவரும் மனைவியோடு ஜன்னலில் நின்றார். "தலைமுடியை வெட்டிட்டாங்க," என்பாள் அவள். "வாலுவுக்கு வெட்ட விட்டிருப்பியா நீ?" என்பார் அவர். அவ்வளவுதான் பேச்சு. அதிலேயே இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஊஞ்சல் காலியாகக் கிடக்க ஆரம்பித்தது. பரீட்சையாக இருக்கும் என்றாள் மனைவி. ஊருக்குப் போயிருப்பாள் என்றாள்.

ஒரு ஞாயிறு காலை மருந்துக்கடைக்காரர் வேலியோரம் வந்து நின்றார். தங்கமான மனுஷர், அதிர்ந்து பேசாதவர். கையில் ஒரு செம்பருத்திச் செடி, வேரில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பாப்பா ஊஞ்சலுக்கே வர மாட்டேங்குறா. அந்த ஜன்னல்ல அண்ணி எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்காங்களாம், பயமா இருக்காம். நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம். சின்னப் பிள்ளைதானே. இந்த ஒரு இடத்துல மட்டும்..." செடியை நீட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கோபப்பட மெக்கானிக்குக்கு ஆசையாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது? பிள்ளைமேலா? செடியை வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

குழியில் மண்ணை அணைத்துக் காலால் மிதித்துக்கொண்டிருந்தபோது மனைவி வெளியே வந்தாள்.

"யாரு குடுத்தா?"

"பக்கத்து வீட்ல."

"எதுக்காம்?"

"வரிசை எடுப்பா இருக்கும்னு..." பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், பாதியில் நின்றது.

அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். அதன் பலகையில் உதிர்ந்த இலைகள் கிடந்தன. பிறகு தன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவளைப் போல.

"பயந்துட்டாளா?"

மெக்கானிக் குனிந்து மண்ணை மறுபடியும் அணைத்தார். அவள் உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் அதே கெட்டில். "வேண்டாம்மா, சொன்னா கேளு," என்று மெக்கானிக் குறுக்கே போனார். அவள் நிற்கவில்லை. குனிந்து செடியின் அடியில் சாய்த்தாள். தடுக்க வேறு வழி தெரியாமல் அவர் உள்ளங்கையைக் கீழே நீட்டினார்.

சுடவில்லை. குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர்.

அவள் அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மண் கரையாமல் சுற்றி ஊற்றினாள்.

"இது பிழைச்சுக்கும்," என்றாள்.