தபால் ஆபீஸ் பீம்

மகனும் மருமகளும் பழைய தபால் ஆபீஸை வாங்கிவிட்டார்கள் என்று கேட்டதும், கிழட்டுக் கொத்தனாருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

முன்பக்கம் அவர்கள் கம்ப்யூட்டரில் படம் போடும் ஆபீஸ், பின்பக்கம் வீடு என்று ஏற்பாடு. "நீங்க கட்டின பில்டிங்லயே இருக்கப்போறீங்க மாமா" என்றாள் மருமகள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது வருஷமாகக் கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல், அது தன் கையால் எழும்பிய கட்டடம் என்று பீற்றிக்கொண்டவர் அவர்தான்.

வேலைக்கு அமர்த்திய இன்ஜினியர் தலையில் கொண்டை போட்டிருந்தார். கட்டடத்துக்கு ஆன்மா உண்டு என்றார். ஸ்டாம்பு விற்ற கம்பி ஜன்னலுக்கு ஒரு ஆன்மா, பசை வழிந்து காய்ந்த மேசைக்கு ஒரு ஆன்மா. ஒழுகுகிற கக்கூஸுக்கு மட்டும் அது கிடையாது, இடிக்கச் சொன்னார். கூடவே கூடத்தின் நடுச்சுவரையும். அது போனால் வெளிச்சம் கொட்டுமாம். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கிழவருக்கு ஒதுக்கிய அறை. என் கட்டில் எங்கே போகும் என்று கேட்டதற்கு, அழகாக ஒரு திரை தொங்கவிடலாம் என்று பதில் வந்தது.

சுவர் இருக்கட்டும் என்றார் கிழவர். குளிர்ச்சி என்றார். மறுநாள், சத்தம் தடுக்கும் என்றார். அதற்கு மறுநாள் காரணம் கிடைக்காமல் சும்மா இருமினார். மாமாவுக்குத் தனி அறை போய்விடுமே என்ற கவலை என்று, அவர் காதில் விழட்டும் என்றே மருமகள் சொன்னாள். பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

இன்ஜினியர் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார். மேலே பீம் ஓடுகிறது, சுவர் வெறும் தடுப்பு, ஐயா கட்டியது இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார். காகிதத்தில் கோடு போடுகிறவனைக் கிழவர் ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது அந்தக் கோடு அவரையே புகழ்ந்துகொண்டு கிடந்தது.

திங்கட்கிழமை காலை இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். மகன் கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாரானான். மருமகள் சரியாகச் சுவரடியில் நின்று சிரித்தாள். கிழவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஏணியை இழுத்துப்போட்டு, சுத்தியலோடு ஏறினார். பீமின் விலாவில் தட்டினார். காலி டப்பா மாதிரி சத்தம். நாலாவது தட்டில் பூச்சு பெயர்ந்து விழ, உள்ளேயிருந்து கறையான் தின்ற பலகை எட்டிப் பார்த்தது.

"பீம் இல்ல. கம்பியெல்லாம் கான்ட்ராக்டர் வீட்டு மாடிக்குப் போயிடுச்சு. சுவத்த மேல வரைக்கும் ஏத்தி, ரெண்டு பக்கமும் பலக அடிச்சுப் பூசச் சொன்னான். அளக்க வந்த ஆபீசர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு."

"பூசினது யாருப்பா?" என்றான் மகன்.

"நான்தாண்டா. இத்தன வருஷமா கூரையத் தாங்குறது இந்தச் சுவருதான். இடிங்க, நல்லா வெளிச்சம் வரும்."

ஆட்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். கொண்டைக்காரர் வரைபடத்தைச் சுருட்டினார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முனகினார்.

"பெரும பேசிப் பழகின வாயி தம்பி. லேசுல திரும்பல."

சுவர் நின்றது, அறையும் நின்றது. பெயர்ந்த இடத்தைப் பூசிவிடலாம் என்று கிழவர் கரணையைத் தேடி எடுத்தார். மருமகள் விடவில்லை. இன்ஜினியருக்கு அங்கேதான் ஆன்மா கிடைத்துவிட்டதாம். அந்த ஓட்டைக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு விளக்கும் வைத்தார்கள். ஒழுங்காக வைத்த செங்கல்லை நாற்பது வருஷமாக ஒரு பயல் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்க மாமா செஞ்ச பொய் பீம் என்று மருமகள் வாய் கொள்ளாச் சிரிப்போடு காட்டுகிறாள்.

போன வாரம் வந்த ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த ஊரில் வேறென்ன கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பிரசவ ஆஸ்பத்திரி" என்றார் கிழவர்.

வந்தவர் கையை விட்டார்.