அப்துலின் ஆட்டோ நகர்ந்த பௌர்ணமி

"உன் ஆட்டோ பின்பக்கம் என் கேட்டு மேலயே—"

"மேல எங்க இருக்குதுக்கா? ஒரு சாண் தள்ளித்தானே—"

"அந்த ஒரு சாணுல நான் ஒருக்களிச்சு வெளிய வரணும், பானு. இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு!"

"ஒடம்புக்கு ஆட்டோ இன்னாக்கா பண்ணும்?"

நகராட்சிப் படிவத்தை நீட்டியபடி அருள்ராஜ் இருவருக்கும் நடுவில் நின்றார். செங்கம் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சின்னத் தெருவில் இனி எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது என்று தடை போடலாமா? வீடு வீடாகக் கேட்டு வந்தார். பதினொரு வீடு சம்மதம். நசீம் பானுவோடு சேர்த்துப் பதினொரு வீடு ஆட்சேபணை. மிச்சம் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மட்டும்.

"சீக்கிரம்மா. அஞ்சு மணிக்குள்ள இது ஆபீசுக்குப் போய்ச் சேரலேன்னா, யாருக்கும் ஆட்சேபணை இல்லேன்னு எழுதிடுவாங்க."

"அக்கா, ஸ்டாண்டுல விட்டதுக்குத்தான் போன வருஷம் பேட்டரிய கழட்டிட்டுப் போனானுங்க. வாசல்லயும் விடக்கூடாதுன்னா அவரு வண்டிய வித்துட்டு ஒக்கார வேண்டியதுதான்."

"மொதல்ல அத எடுக்கச் சொல்லு. என் வாசல் எப்டி இருக்கும்னு ஒருதரம் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

நசீம் பானுவின் கணவன் அப்துல் ஆட்டோவைத் தெருமுனைக்கு ஓட்டிப் போனான்.

"பாருங்க சார், இன்னா காத்து!" என்றாள் ஜோதியம்மாள், கேட்டுக்குள்ளிருந்தே.

காற்று வந்து ஒரு நிமிடம் இருக்காது. வெளியூர்க் கார் ஒன்று வந்து அந்த இடத்தை அடைத்து, கேட்டை மூக்கால் இடித்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். செருப்பைக் காருக்குள்ளேயே போட்டுப் பூட்டினார்கள்.

"ஏம்ப்பா! கேட்டுப்பா அது!"

"தோ வந்துடறோம்மா!" கும்பிட்டபடியே கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

அருள்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டோ நகர்ந்த உடனே நிழலுக்காக அவர் பைக்கைத் தள்ளி விட்டிருந்தது ஜோதியம்மாள் கேட்டுக்குள். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த போன் எண்ணை அழைத்தார்.

"சார், கிரிவலம் ஆரம்பிச்சாச்சே. பாதியில திரும்பக் கூடாது சார், பாவம்."

"எப்பதான் வருவீங்க?"

"பதினாலு கிலோமீட்டரு... மாமியாரும் கூட வராங்க. மெதுவாத்தான் வருவாங்க."

மணி நாலு இருபது. பௌர்ணமி என்பதால் பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பி விட்டிருந்தார்கள்.

ஜோதியம்மாள் காரை ஒருமுறை பார்த்தாள். இடித்த கேட்டை ஒருமுறை பார்த்தாள். ஒருக்களித்தும் வெளியே வர வழியில்லை. கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

"பேனா குடு சார்."

"எதுலம்மா போடறீங்க?"

"ஆட்சேபணைல. இன்னா பாக்கற? எங்க பானு வீட்டு வண்டி எவ்ளோ ஒழுங்கா நிக்கும் தெரியுமா?"

"இப்ப தெரியுதாக்கா?" என்றாள் நசீம் பானு.

"வாய ஜாஸ்தி பேசாத. அப்துல கூப்பிடு. சார ஆபீசுல கொண்டுபோய் விடட்டும்."

தெருமுனையில் ஆட்டோ இல்லை. பௌர்ணமியன்று சும்மா நிற்கும் ஆட்டோவை யார் விட்டுவைப்பார்கள்? நசீம் பானு போன் போட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? ... மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையிலயா!"

கம்பி வழியாகவே ஜோதியம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"தம்பி அப்துலு, யார ஏத்தியிருந்தாலும் எறக்கி வுட்டுட்டு வா. இனிமே உன் வண்டி என் கேட்டாண்டதான் நிக்கணும், கேக்குதா?"