ஓரத்துச் சொட்டு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அந்த இளைய டாக்டருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். தலைமை டாக்டரின் மகளைக் கட்டியதைத் தவிர அந்த நாற்காலிக்கு என்ன தகுதி இருந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது. கையுறை போட்ட கையாலேயே மூக்கைச் சொறிகிற ஜென்மம்.

அன்று காலை, பிறந்து பத்தே நாளான குழந்தையின் முதுகுத்தண்டு நீர் வந்தது. மூளைக்காய்ச்சல். எங்களிடம் பாட்டில் கழுவும் அக்காவின் தங்கை பிள்ளை. வார்டில் இரண்டு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிருமி எந்த வகை என்று நாங்கள் சொன்னதும் ஒன்றை நிறுத்துவார்கள்.

ஸ்லைடில் நீரைத் தடவியது நான். ஓரத்தில், ஊதா பிடிக்கும் என்று நன்றாகத் தெரிந்த வேறொரு கிருமியில் ஒரு சொட்டும் வைத்தேன். அது ஊதாவாக வந்தால்தான் சாயம் போட்டது சரி.

"இதெல்லாம் எந்தக் காலத்துப் பழக்கம்மா?" என்று இளித்தார் மாப்பிள்ளை. "குடுங்க, நானே போட்டுக்கிறேன்."

ஊதாச் சாயத்துக்குப் பிறகு ஸ்பிரிட் ஊற்ற வேண்டும். சில விநாடிகள்தான். தாண்டினால் ஊதா மொத்தமும் ஓடிவிடும், அடுத்துப் போடும் சிவப்பு எல்லாவற்றிலும் ஏறிவிடும். நான் பக்கத்து அறையில் இருந்தேன். சுவர் தாண்டிக் கேட்டதெல்லாம் போனில் "சரிங்க மாமா, ஆமாங்க மாமா" தான். சற்று நேரத்தில் வார்டுக்குச் சொல்லிவிட்டார்: குச்சி வடிவம், சிவப்பு. அங்கே இரண்டு மருந்தில் ஒன்றான ஆம்பிசிலினை நிறுத்திவிட்டார்கள்.

மைக்ராஸ்கோப்பை மூடப் போன நான் ஸ்லைடை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். என் சொட்டும் சிவப்பு.

"சார், ஓரத்துச் சொட்டும் சிவப்பா இருக்கு."

"நீங்க என்னத்த வச்சீங்களோ!"

"நான் வச்சது சரிதான். போன்ல பேசிக்கிட்டே ஸ்பிரிட்ட விட்டுட்டீங்க."

"ரிப்போர்ட் போயாச்சும்மா. இப்ப மாத்தினா மாமா என்ன நினைப்பாரு?"

பச்சைக் குழந்தை அங்கே உயிருக்குப் போராடுகிறது, இவருக்கு மாமா என்ன நினைப்பார் என்று கவலை! தூ!

மீதி நீரில் புதிதாக ஒன்று போட்டேன். ஓரத்துச் சொட்டு ஊதா. குழந்தையின் கிருமியும் ஊதா. வார்டுக்கு நானே போன் போட்டு, நிறுத்திய மருந்தை மறுபடி ஏற்றச் சொன்னேன். அதற்குள் ஒரு வேளைக்கான ஊசி தவறியிருந்தது. தொட்டி அருகே பிரஷ்ஷும் கையுமாக நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிருமி வளர்க்க அதே நீரைத் தடவி வைத்திருந்த தட்டில் மூன்றாம் நாள் வளர்ந்தது லிஸ்டீரியா, ஊதா பிடிக்கும் குச்சிக் கிருமி. அந்த இரண்டு மருந்தில் அதைக் கொல்வது ஆம்பிசிலின் மட்டும்தான். குழந்தை கண் திறந்து பால் குடித்தது.

தலைமை டாக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "யாரோ பண்ணின தப்ப உடனே கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்காரு, பாருங்க." கூச்சப்படுகிற மாதிரி நெளிந்தது அந்த ஜென்மம்.

"முதல் ஸ்லைடையும் ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று நான் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன், ஓரத்துச் சொட்டு சரியாகக் கண்ணில் படும்படி.

குனிந்தார். என்ன இருந்தாலும் தொழில் தெரிந்த மனிதர். நிமிர நேரமாயிற்று.

"இவ்வளவு நேரமா ஸ்பிரிட்ட ஊத்துவாங்க? எந்த மடையன் போட்டது?"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உங்ககூட போன்ல பேசிக்கிட்டே உங்க மாப்பிள்ளை போட்டதுங்கய்யா" என்றாள். "எங்க புள்ளையோடது."