பெத்ரோவுக்கு வெட்டிய வெல்வெட்

துபாய் சத்வாவில் லுக்மான் டெய்லரிங்குக்கு வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். உள்ளே போய் லுக்மானைக் கேட்டால்தான் சிக்கல். லுக்மான் அல் குசைஸ் கபர்ஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து கடையைத் திறந்தவர், பூட்டியவர், துணி வெட்டியவர், வாடகை ஏறும்போதெல்லாம் கட்டிட முதலாளியிடம் பல்லைக் காட்டி நின்றவர் எல்லாம் ஒரே ஆள்தான்: லுக்மான் மனைவியின் தம்பி ஹசன் அலி.

ஆனால் போர்டில் லுக்மான் பெயர். லைசன்ஸில் லுக்மானின் மகன் அஸ்கர் அலி பெயர். ஹசன் அலியின் பெயரைத் தேடினால் அவருடைய விசாவில் இருக்கும், அதுவும் அந்தக் கடையின் தையல்காரர் என்று.

இது யாரும் செய்த சதியில்லை, அவரே தேடிக்கொண்டது. மச்சான் மௌத்தானபோது அஸ்கருக்கு ஆறு வயது. கடையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வேலை சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். கீழக்கரையில் அக்கா முன்னாலும் ஜமாஅத் ஆட்கள் முன்னாலும் ஹசன் அலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். “எத்தீம் புள்ள சொத்து. ஒரு நூலுகூட என் பேருக்கு வேணாம். அவன் வளந்து வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்” என்றார். தகப்பனில்லாத பிள்ளையின் சொத்து என்றதும் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லவன் என்று பெயர் வாங்குகிற ஆசை இருக்கிறதே, அதைப்போலப் பொல்லாத ஆசை வேறில்லை. ஹசன் அலிக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பெயர் வாங்கியது போதாது என்று தன் ஒரே மகள் ஹிஃப்ஸாவையும் அஸ்கருக்கே கட்டி வைத்தார். அதற்கும் முன்பே லுக்மானின் தம்பி செய்கு முகம்மதை ஊரிலிருந்து வரவழைத்து, கடை விசாவிலேயே உட்காரவைத்திருந்தார். ஊசிக்கும் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதர் துபாய் வந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான், முதலாளி யாரோ அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வது. லண்டனில் பிசினஸ் படித்துவிட்டு அஸ்கர் கடைக்கு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலி இடம் மாறிவிட்டது.

இந்த நிலையில்தான் ராதிகா படங்களைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். மதுரைக்காரப் பெண். கண்காட்சி நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை. ஹோர்முஸ், மஸ்கட், கோர்ஃபக்கான் என்று இந்தக் கடற்கரை முழுவதும் ஒரு காலத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த போர்ச்சுகல் ராஜாக்களின் வம்சத்தை வரிசையாகப் பொம்மை செய்து நிறுத்தப்போகிறார்களாம். பொம்மைகளுக்கு உடை வேண்டும்.

“பரங்கியா?” என்றார் ஹசன் அலி. “எங்க ஊர்க் கப்பலையெல்லாம் கொளுத்துனவனுக. அவனுகளுக்குத் துணி தைக்கவா மச்சான் கடை போட்டாக?”

“கொளுத்துனவங்க செத்து நானூறு வருசமாச்சு பாய். துணி பொம்மைக்குத்தான்.”

ஆர்டர் பெரியது. அஸ்கர் உள்ளேயிருந்தே ஓகே சொல்லிவிட்டான். ஹசன் அலி முனகிக்கொண்டே படங்களை மேசையில் பரப்பினார். ஒரு படத்தில் சிம்மாசனத்தில் கால் தரைக்கு எட்டாமல் ஒரு சின்னப் பையன். அவன் பின்னால் கறுத்த சிவப்பு அங்கியில் ஒரு பெரிய ஆள், சிம்மாசனத்தின் முதுகில் கை வைத்தபடி.

“இந்தப் பொடியன்தான் ராஜாவா? பின்னாடி நிக்கிறது யாரு?”

“பையன் பேரு அஃபோன்சோ. அவிஸ்னு ஒரு வம்சம். ஆறு வயசுல அவங்க அப்பா போயிட்டாரு. பின்னாடி நிக்கிறது சித்தப்பா பெத்ரோ. பையனுக்குப் பதிலா அவர்தான் பத்து வருசம் நாட்டப் பாத்துக்கிட்டாரு. தன் மகள் இசபெல்லையும் அந்தப் பையனுக்கே கட்டி வச்சாரு.”

கத்திரிக்கோல் நின்றது. ஹசன் அலி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் பையன் வளந்தான்” என்றாள் ராதிகா.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பெத்ரோவுக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். அவனைப் பிரகான்சாவுக்கு டியூக் ஆக்கி உயர்த்தி வைத்ததே பெத்ரோதான். அந்த டியூக்தான் பையன் காதில் ஓதினான்: சித்தப்பா உன் நாட்டை விடமாட்டார், உன்னையும் விடமாட்டார். மருமகன் படையோடு வந்தான், மாமனார் களத்தில் செத்தார். துரோகி என்று சொல்லி அவர் உடலை மூன்று நாள் புதைக்காமல் போட்டு வைத்தார்கள்.

“மூணு நாளா?” என்று மட்டும் கேட்டார் ஹசன் அலி.

அன்றைக்கு ஆரம்பித்தது கிறுக்கு. மற்ற ராஜாக்களின் துணியைக் கடையிலிருந்த பையன்களிடம் தள்ளிவிட்டு, பெத்ரோவை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார். நைஃப் சந்தைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி, மாதுளம்பழத் தோல் நிறத்தில் வெல்வெட் வாங்கி வந்தார். மாப்பிள்ளைச் சட்டைக்குக்கூட அத்தனை பார்த்துப் பார்த்து அவர் வெட்டியதில்லை. “மாஸ்டருக்குப் பரங்கி மேல பாசம் வந்துருச்சு” என்று பையன்கள் கேலி செய்தார்கள். செய்கு முகம்மது வந்து வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “ராசா சட்டையா?” என்றார். “இல்ல, ராசாவ வளத்த ஆளோட சட்டை” என்றார் ஹசன் அலி, அவர் முகத்தைப் பார்த்தே. செய்கு முகம்மதுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அவருக்கு உறைத்திருக்காது.

அங்கி முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு மதியம் அஸ்கர் அவரை உள்ளே கூப்பிட்டான். செய்கு முகம்மது பக்கத்தில் உட்கார்ந்து சுலைமானி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நெக்ஸ்ட் மந்த் உங்க விசா முடியுது. சிக்ஸ்டி ஆயிடுச்சுல்ல, ரின்யூவல் பண்றது ரொம்பக் கஷ்டம். கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்களேன். நான் ஹிஃப்ஸாவப் பாத்துக்கிறேன்.”

“அறுபதுக்கு மேல எத்தனையோ பேரு இங்க விசாவுல இருக்காக” என்றார் ஹசன் அலி.

“இருக்காக, இருக்காக” என்றார் செய்கு முகம்மது, டம்ளருக்குள்ளிருந்து. “ஆனா மாஸ்டரு, தம்பிக்குப் புது டிசைனு, ஆன்லைனுனு ஆயிரம் யோசனை இருக்கு. பழைய ஆளு ஒருத்தர் குறுக்கால நின்னா அவரு எப்பத்தான் முதலாளி ஆகுறது?”

அஸ்கர் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதன்முதலில் பேண்ட் தைத்தபோது, வளர்கிற பிள்ளை என்று ஓரத்தில் துணி விட்டுத் தைத்தவர் ஹசன் அலி. வருஷா வருஷம் பிரித்துப் பிரித்து விட்டார். எரிச்சலில் அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. “சரி மாப்புள” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மெஷினில் உட்கார்ந்தார்.

செய்தி ஹிஃப்ஸாவுக்குப் போனது. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கடைக்கே வந்து, பையன்கள் முன்னால் நின்று சொன்னாள்: “வாப்பா, உங்க விசாவ கேன்சல் பண்ணட்டும் பாப்போம். நானும் உங்ககூடக் கிளம்பிருவேன். புள்ளய கீழக்கரையில பெத்துக்கிறேன். அப்பத்தான் இவுகளுக்கு புத்தி வரும்.”

வேறு தகப்பனாயிருந்தால் அப்படிப் பேசாதே என்று வாயைப் பொத்தியிருப்பான். ஹசன் அலி பொத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பெத்ரோவுக்குக் கிடைக்காத ஆயுதம் தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். கேன்சல் தாளில் கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து மகளை முன்னால் நிறுத்த வேண்டும், மருமகன் பதறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சொந்த மகளின் குடும்பத்தைப் பணயம் வைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

பெத்ரோவின் அங்கிக்குக் கடைசிப் பொத்தான் வைத்த அன்றைக்கு ராதிகா போன் செய்தாள். சொல்லத் தயங்கினாள்.

“பாய், இடம் பத்தலயாம். ராஜாவா இருந்தவங்க மட்டும்தான் வரிசையில நிப்பாங்க. பெத்ரோ ராஜா இல்லல்ல, அவரை எடுத்துட்டாங்க. சின்னப் பையன் பொம்மையும் வேணாம். வளந்த அஃபோன்சோதான். அவருக்கு ஒரு அங்கி வேணும், நாளைக்கே.”

ஹசன் அலி போனை அஸ்கரிடம் கொடுத்தார். அஸ்கர் கேட்டான், தலையாட்டினான், வைத்தான். மேசைக்கு வந்து வெல்வெட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“நோ ப்ராப்ளம் மாமா. இதயே பிரிச்சு ராஜாவுக்கு வெட்டிருங்க. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?”

“இது பெத்ரோவுக்கு வெட்டுனது.”

“அவர்தான் இல்லன்னு சொல்லிட்டாங்களே. யல்லா மாமா, டைம் இல்ல.”

அவன் குரலில் கோபமில்லை, கேலியில்லை. அதுதான் ஹசன் அலிக்குத் தாங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் துணியை அவன் முகத்தில் எறிந்திருக்கலாம். அவர் எறியவில்லை. தையலைப் பிரித்தார். பெரிய தோளைக் குறைத்தார், நீளத்தை வெட்டினார், கைகளை இளவயதுக்காரனுக்கு ஏற்றபடி ஒடுக்கினார். மிச்சம் விழுந்த துண்டுகளைப் பையன்கள் கூட்டி அள்ளினார்கள். பெத்ரோவின் அங்கிக்குள்ளிருந்து மருமகன் கச்சிதமாக வெளியே வந்தான்.

கண்காட்சி திறந்த அன்று எல்லோரையும் அழைத்திருந்தார்கள். ஹிஃப்ஸா கணவனோடு வந்தாள். செய்கு முகம்மது அத்தரைக் கொட்டிக் குளித்துவிட்டு வந்தார். கூடத்தில் ராஜாக்கள் வரிசையாக நின்றார்கள், முன்னால் தடித்த கயிறு. ஹசன் அலி நேராக அஃபோன்சோ முன்னால் போய் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் வெல்வெட் மின்னியது. காலடியில் பலகை: ஆட்சிக் காலம் 1438 முதல் 1481 வரை.

“முப்பத்தெட்டுல இவனுக்கு ஆறு வயசுல்ல?” என்று ராதிகாவைக் கேட்டார். “பெத்ரோ பாத்த பத்து வருசம்?”

“அதுவும் சேத்துத்தான் பாய். ராஜா பேர்லதானே நடந்துச்சு.”

ஹசன் அலி சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பாயில்லை. பிறகு, பல நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். “பெத்ரோ மகளுக்குப் புள்ள கிள்ள உண்டா?”

“உண்டே. பக்கத்துல நிக்கிறாரே, ஜுவாவ். ரொம்பக் கண்டிப்பான ராஜா. தாத்தாவக் கெடுத்த பிரகான்சா வம்சத்து டியூக்கப் பிடிச்சு, ஊர் பாக்கத் தலைய வெட்டுனாரு.”

ஹசன் அலிக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பி, கறுப்பு உடையில் நின்ற ஜுவாவைப் பார்த்தார். பேரன்! அவர் கண் தானாகவே ஹிஃப்ஸாவின் வயிற்றுக்குப் போனது, அங்கிருந்து செய்கு முகம்மதின் கழுத்துக்குப் போனது. அந்தக் கணம் அவர் அடைந்த சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. வரிசையின் கடைசி வரை ராஜநடையாக நடந்தார்.

“இந்தக் கோடியில இத்தன பேரு நிக்கிறாகளே, இவுகளும் அந்தப் பேரன் வழியா?”

“இல்ல பாய். ஜுவாவோட பட்டத்துக்கு இருந்த ஒரே மகன் குதிரையிலருந்து விழுந்து போயிட்டான். இவங்கதான் பிரகான்சா. பின்னால அவங்கதான் ராஜாவானாங்க. முடியாட்சியே போற வரைக்கும் அவங்கதான்.”

“அப்ப அந்தத் தலைய வெட்டுனது?”

“வெட்டுனாரு. அவ்வளவுதான்.”

ஹசன் அலி வரிசையின் தொடக்கத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அந்தப் பொண்ணு? பெத்ரோ மக?” என்றார். இவ்வளவு நாளில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார், கேட்டதில்லை.

“இசபெல் கதையா? பாவம். அப்பா ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம். அப்பாவ மரியாதையா அடக்கம் பண்ணச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டே இருந்துச்சாம். ஜுவாவப் பெத்த அதே வருசம் செத்துப்போச்சு. இருபத்து மூணு வயசு.”

ஹிஃப்ஸாவுக்கும் இருபத்து மூன்று.

சற்றுத் தள்ளி அவள் சுவரோரம் சாய்ந்து, கைவிரலால் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றாள். கால் வீங்கியிருந்தது. பல நாளாகவே வீங்கித்தான் இருந்திருக்கும். அப்பனுக்காகச் சண்டை போடுகிற மகளைப் பார்த்துப் பூரித்த மனிதர் அவள் காலைப் பார்க்கவில்லை. ஹசன் அலிக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. உயிரை விடுகிற அளவுக்கு ராஜ்யமுமில்லை, ஒரு தையல் கடை. அதற்கு இந்தப் பிள்ளையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று நினைத்தார்.

அவர் வருவதைப் பார்த்ததும் ஹிஃப்ஸா நிமிர்ந்தாள். “வாப்பா, இவுகட்ட இன்னைக்கே சொல்லிரவா? டிக்கெட்ட எனக்கும் சேத்துப் போடச் சொல்லி?”

“வேணாம்மா. நீ எதுக்கு வாரே? விசாவ கேன்சல் பண்ணச் சொன்னதே நான்தான்.”

“என்னது?”

“எனக்கு முடியல. கண்ணு மங்குது. ஊருக்குப் போயிரணும்னு நான்தான் மாப்புளகிட்டக் கேட்டேன். அவரு பாவம், இருங்க மாமான்னுதான் சொன்னாரு.”

ஹிஃப்ஸா அவரையே பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். “அப்படியாங்க?”

அஸ்கர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “ஆமா ஹிஃப்ஸா. மாமாதான் கேட்டாக. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

செய்கு முகம்மது உடனே தலையாட்டினார். “நானும் பக்கத்துலதான இருந்தேன்.”

ஹிஃப்ஸாவின் முகம் சிவந்துவிட்டது. “இதுக்கா வாப்பா நான் இவுககூட இத்தன நாளா சண்ட போட்டுட்டுக் கெடந்தேன்? புள்ள பொறக்குற நேரத்துல நீங்களாத்தான் எங்கள விட்டுட்டுப் போறீகளா?” பதிலுக்குக் காத்திருக்காமல் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலி பக்கம் போனாள். அஸ்கர் அவளைப் பத்திரமாக உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். மனைவியை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹசன் அலி மறுபடி அஃபோன்சோ முன்னால் வந்து நின்றார். இடது தோளில் அங்கி லேசாகச் சுருங்கியிருந்தது. அவசரத்தில் ஒடுக்கிய தையல். அதைச் சரிசெய்யக் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“பாய், ஹாத் மத் லகாவோ” என்றான் காவலுக்கு நின்றவன், தொடாதே என்று கையைக் காட்டி.

ஹசன் அலி கையை எடுத்துக்கொண்டார்.